காத்திருக்கறதுக்குக் கூலி

ஆக்டிங் டிரைவர் வேலைன்னா, கார் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு நாள், அரை நாள்னு கூலிக்கு வண்டி ஓட்டறது. அதுலயும் ஓட்டற நேரத்தைவிட மரத்தடியில சீட்டைச் சாய்ச்சுப் போட்டுக் காத்திருக்கற நேரம்தான் ஜாஸ்தி. மைசூர்ல இதே பாடுபடற அண்ணன் தம்பிகளுக்கு நான் புதுசா சொல்லணுமா என்ன? போன மாசம் ஒரு ஆடிட்டர், மாசச் சம்பளத்துக்கு வந்துடுன்னு என்னைக் கூப்பிட்டார். என் சம்சாரம் செல்விக்குச் சந்தோஷம் தாங்கல. எனக்குத்தான் யோசனையா இருந்துச்சு. மூணாவது படிக்கற மகளை மத்தியானம் ஸ்கூல்ல இருந்து மண்டி மொஹல்லா சந்து வழியா பேசிக்கிட்டே நடத்திக் கூட்டிட்டு வர்றது நான். அதை விட மனசே வரல.

பேட்டரிக்கு ஓட்டம்

இந்த ஆடிட்டர் புதுசா ஒரு பெரிய வண்டி வாங்கியிருந்தார். ஏறி உட்கார நேரமில்ல. நின்னுக்கிட்டே இருந்தா பேட்டரி போயிடும்னு, ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குக் கூலியும் கொடுத்து, "குடும்பத்தோட ஸ்வல்ப, கொஞ்ச தூரம் சுத்திட்டு வாப்பா"ன்னார். மூணு பேரும் சாமுண்டி மலைக்குப் போய், ஏசியைப் போட்டுக்கிட்டு ஜம்முனு சுருமுரிப் பொரி தின்னோம். சிந்தின பொரியை ஒண்ணு விடாம பொறுக்கிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். அவர் ஆசையா கேட்டார்: "பின் சீட்டு சொகுசா இருக்கா? நான் இன்னும் உட்கார்ந்து பார்க்கல."

பந்திப்பூர்ல ரெண்டு நாள்

ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் குடும்பத்தை ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். மனுஷன் லேப்டாப்பும் கையுமா ரூமை விட்டு வெளிய வரல. ஜன்னல் பக்கம் மான் ஒண்ணு வந்து நின்னு பார்த்துட்டுப் போச்சு. இவர் மீட்டிங்ல இருந்தார். நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன், மானையும் பார்த்தேன்.

திரும்பி வர்றப்ப அவர் சம்சாரம் பின்னாடி இருந்து கேட்டாங்க: "அண்ணா, லீவு உங்களுக்காச்சும் நல்லாப் போச்சா?"

பேரம்

செல்வி கறாரா சொல்லிட்டா: "திங்கக்கிழமை போய்ச் சேருங்க. பொண்ணு ஆட்டோல வருவா." போனேன். காலையில எட்டுக்கு வந்துடணும், எப்ப விடுவேன்னு சொல்ல முடியாதுன்னார் ஆடிட்டர். "சம்பளத்தைப் பாதியாக்கிக்கங்க சார், மத்தியானம் மூணு மணிக்கு விட்டுடுங்க"ன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் செல்வி முகம் ஞாபகத்துக்கு வந்துச்சு. மனுஷன் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு என்னையே பார்த்தார். கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளப் போறார்னு நினைச்சேன். மெதுவா சொன்னார்: "சரி, அப்படியே வா. இதையே நான் யார்கிட்டப்பா போய்க் கேக்கறது?"

இப்பப் பாதிச் சம்பளம், பாதிப் பொழுது, வீட்டுல முழுத் திட்டு. ஆனா மூணு மணிக்கு மேல ஸ்கூல் வாசல்ல நிக்கறப்ப அந்தத் திட்டு ஒண்ணும் பெருசாத் தெரியறதில்ல.