பொழுது இறங்குமுன் வரவேண்டியவர்

எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி என்கிற திருவிழாவைச் சாட்டிவிட்டால் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஈரோட்டுக்கு மஞ்சள் விற்கப் போகலாம், திருப்பூருக்கு வேலைக்குப் போகலாம். பொழுது இறங்குவதற்குள் ஊருக்குள் கால் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சாட்டு என்பது கோவில் முன்னால் பறையடித்து, நோம்பி தொடங்கிவிட்டது என்று அம்மனுக்கும் சனத்துக்கும் சொல்வது. அந்தச் சத்தம் விழும் நேரத்தில் எல்லைக்குள் இருப்பவர்கள் எல்லாரும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட, நோம்பி முடியும்வரை அம்மனுடைய கணக்கில் சேர்த்தி. இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்த வருடம் போய் மாட்டிக்கொண்டேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு ரத்தச் செல் தான முகாமில் என் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் தேய்த்து எடுத்துப் போனார்கள். கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு நானும் மறந்துபோனேன். கல்யாணமாகி, கோயமுத்தூர் கணபதியில் குடியேறி, வீட்டுக்குக் கீழேயே இருக்கும் எங்கள் லேத் பட்டறையின் இரைச்சலுக்குப் பழகி, வருடங்கள் கழித்து அந்த முகாம் நடத்தியவர்களிடமிருந்து ஒரு போன் வந்தது. ஒரு பெண்பிள்ளையின் குரல்.

“ஏனுங்க, உங்க ரத்தச் செல்லு ஒருத்தருக்கு அப்படியே பொருந்துதுங்க. அவங்களுக்கு ரத்தப் புற்றுநோய். வேற ஆருதும் பொருந்தலைங்க.”

“ஆருங்க அது?”

“சொல்லக்கூடாதுங்க. ஆணா பொண்ணான்னுகூட நாங்க சொல்றதில்லைங்க.”

தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “உன்னையாட்டவே இன்னொரு ஆளா? நாடு தாங்குமா?” என்றார். வாயை மூடுங்கள் என்றேன். ஆனாலும் அன்று முழுக்க அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை.

செல் எடுப்பதற்கு முன்னால் தினமும் காலையில் ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். எலும்புக்குள் இருக்கும் செல்கள் பெருகி ரத்தத்துக்கு வருவதற்கான ஊசி. இடுப்பும் தொடையும் விண்விண் என்று தெறிக்கும். நடுவில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்: “அவங்களுக்கு மருந்து குடுத்துப் பழைய மஜ்ஜையை அழிச்சாச்சுங்க. இனி அவங்க உடம்புல தானா ரத்தம் ஊறாது. உங்களுது போய்ச் சேந்தாத்தான் உண்டு.”

வெளியே வந்து ரோட்டைத் தாண்டும்போது ஒரு பஸ் உரசிக்கொண்டு போயிற்று. அந்த பஸ் என்னை அடித்திருந்தால் சாவு ஒன்றல்ல, இரண்டு. அப்போதிருந்து படியிறங்கினாலும், அடுப்புப் பற்றவைத்தாலும், என் முந்தானையை யாரோ பிடித்துக்கொண்டு கூடவே வருவதாகத் தோன்றியது. சத்தியமாகப் பயந்தேன். பின்னால் திரும்பிக்கூடப் பார்த்தேன்.

செல் எடுப்பதற்கு முந்தின நாள் நோவு தாங்கவில்லை. அம்மா கையால் ஒரு வாய் தின்றால் தேவலை என்று தோன்றியது. ஊர் பெருந்துறைப் பக்கம்தானே, பொழுதோடு சாட்டு, அதற்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டேன். சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்து, பஸ் நிறுத்தத்துக்கு வந்தால் பஸ்ஸைக் காணோம். எல்லைக்கல் பத்தடி தள்ளித்தான் இருந்தது. அங்கே நிற்கும்போதே பறை முழங்கிவிட்டது. ஒவ்வொரு அடியும் என் இடுப்பெலும்பில் விழுந்தது. உள்ளே ஏதோ எழுந்து உட்கார்ந்து கேட்பதுபோல் இருந்தது.

அம்மா ஓடி வந்தாள். “சாட்டுக் கேட்டுப்போட்டயே கண்ணு! இனி பொழுதுக்குள்ள ஊட்டுக்கு வந்துரோணும். எல்லைக்கு வெளிய ராத்தங்குனா மாரியம்மா கேப்பா.”

“வெடியால போயிப் பொழுதோட வந்துர்றேன். போதுமா?” என்றேன். அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன். விடியும் முன்பே வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார்.

ஒரு கையில் ரத்தம் வெளியே போகிறது. ஒரு மெஷினுக்குள் சுற்றி, வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மறு கை வழியாகத் திரும்பி வருகிறது. வரும்போது சில்லென்று வந்தது. போன இடத்தில் யாரையோ பார்த்துவிட்டு வருகிறதோ என்று தோன்றியது. உதடு மரத்துவிட்டது. தொங்கிய பையில் தக்காளி ரசம் நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. மதியம் தாண்டியதும் டாக்டர் வந்தார்.

“செல்லு போதலைங்க. நாளைக்கும் ஒருக்கா எடுக்கோணும். இன்னைக்கு அலையாதீங்க, கோயமுத்தூர்லயே இருங்க.”

போதாவிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். டாக்டர் என் கைக்கட்டைச் சரிசெய்தார்.

பொழுது சாயும்போது கணபதி வீட்டில் படுத்திருந்தேன். அம்மா போன் செய்தாள். “எங்க கண்ணு வந்துட்டிருக்கே?”

வரவில்லை என்றேன். விஷயத்தைச் சொன்னேன். கோவில் மேளம் மட்டும் போனில் கேட்டது.

“நீ இங்க வந்து, நாளைக்குப் போக முடியாமப் போச்சுன்னா அவிகளுக்கு என்னாகும்?”

“செத்துப்போவாங்கம்மா.”

“அப்ப இரு” என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, “உன்ற சீலை ஒன்னு இங்க கெடக்குது. பாய் போட்டு அதைய விரிச்சு வெக்கறேன். நீ படுத்திருக்கறேன்னு மாரியம்மாகிட்டச் சொல்லிக்கறேன்.”

அம்மனையே ஏமாற்றப் பார்க்கிறாயா என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் மெஷினோடு கிடந்தபோது திரும்பவும் அம்மாவின் போன். வீட்டுக்காரர் என் காதில் வைத்தார். “வெடியால கம்பத்துக்குத் தண்ணி ஊத்தப் போனேன்” என்றாள். கம்பம் என்பது மூன்று கவையாகப் பிரிந்த ஒரு மரக்கிளை. பச்சையாக வெட்டி வந்து கோவில் முன் நட்டு, நோம்பி முடியும்வரை பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். “ரெண்டு கொடம் ஊத்துனேன். ஒன்னு உனக்கு. ஒன்னு அவிகளுக்கு. பூசாரி பேரு கேட்டாரு. பேரு தெரியாதுங்க, மாரியம்மாவுக்குத் தெரியும்னு சொல்லிப்போட்டேன்.”

“செரி, சீலை என்னாச்சு?” என்று கேலியாகக் கேட்டேன்.

அம்மாவின் குரல் இறங்கியது. “பாயில ஒரு பக்கமாத்தான் விரிச்சிருந்தேன். எந்திரிச்சுப் பாத்தா பாய் முச்சூடும் கசங்கிக் கெடந்துச்சு. ரெண்டு பேரு படுத்தெந்திரிச்சாப்பல.”

“காத்தடிச்சிருக்கும்மா.”

“கதவு சாத்தியிருந்துச்சு கண்ணு.”

அன்று செல் போதுமான அளவு வந்துவிட்டது. ஒருவர் பையைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போனார். அந்தப் பெட்டி கதவைத் தாண்டியதும் என் முந்தானையைப் பிடித்திருந்த கை விட்டது. நிம்மதி என்று நினைக்கிறீர்களா? இல்லை. பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டவள்போலத் தவித்தேன். அன்றைக்கே ஊருக்குப் போய், நோம்பி முடியும்வரை அங்கேயே இருந்தேன். கம்பம் துளிர்த்தால் நல்லது என்பார்கள். தினமும் யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்தேன். துளிர்க்கவில்லை. கடைசி நாள் அதைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள்.

அடுத்த வருடம் நோம்பி நெருங்கும் சமயத்தில்தான் அந்தப் பெண்பிள்ளை கூப்பிட்டாள். “அவங்க உசுரோட நல்லாருக்காங்கங்க. ஊட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க ரத்தம் இப்ப உங்க குரூப்பாவே மாறிருச்சுங்க.” போனை வைத்துவிட்டுப் பட்டறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் ஓவென்று அழுதேன்.

அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்: “அப்ப உன்ற ரத்தம் இன்னும் அவிக உடம்புலதான் ஊறுதா?”

“ஆமா. இனி அங்கதான்.”

“சாட்டுக் கேட்ட ரத்தம். உன்னைய விட்டுப் போனப்பறம் ஒரு ராத்திரியாவது எல்லைக்குள்ள வந்துச்சா?”

“அட போம்மா!” என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அந்த வருடம் சாட்டுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பறை முழங்கியபோது, ஊசி எதுவும் போடாத என் இடுப்பெலும்பு தெறித்தது. பெயர் தெரியாத ஓர் ஊரில், யாரோ ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி, என்ன சத்தம் என்று வீட்டிலிருப்பவர்களைக் கேட்பதாகத் தோன்றியது.

மறுநாள் ஈரோட்டில் ஒரு வேலை. பொழுது இறங்கும் முன் திரும்பிவிட்டேன். எல்லைக்கல் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். எனக்காகத்தான் என்று நினைத்து, “அதான் வந்துட்டேனல்லோ, வா போலாம்” என்று கையைப் பிடித்தேன். அம்மா நகரவில்லை. வெளிச்சம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. நான் வந்த பஸ்ஸும் போய்விட்டது. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆரைம்மா பாக்கறே?”

“இன்னொருத்தரு வரோணுமல்ல” என்றாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். பிறகு, இருட்டும்வரை நானும் அவள் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்த்தேன்.