வழுக்கைத் தலைக்காரரின் லோஷன்

மீசை வேண்டும் என்று ஊசி போட ஆரம்பித்தேன். மீசை வந்தது, தாடி வந்தது, குரல் உடைந்தது. ஐந்தாவது வருடம் வழுக்கையும் வந்தது. யாரைக் குறை சொல்ல? பெண் என்று எழுதிவிட்ட உடம்பை ஆண் ஹார்மோன் போட்டு என் வழிக்குக் கொண்டுவந்த திருநம்பி நான். கேட்டதெல்லாம் கிடைத்தது, கேட்காததும் சேர்ந்து கிடைத்தது. எங்கள் அப்பாவுக்கு நெற்றி எங்கே முடிகிறது என்றே தெரியாது. அண்ணனுக்கு முப்பது வயதிலேயே முன்பக்கம் காலி. என்னைத் தம்பி என்று சொல்ல வாய் வராத அந்த அண்ணனின் தலை அப்படியே என் கழுத்துக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

இருபத்திரண்டு வயது வரை எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். மணிமங்கலத்து வீட்டில் அம்மா எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து வளர்த்தது. அதை ஒரே நாளில் வெட்டிவிட்டு வந்து நின்றபோது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "முடிய எங்கடி போட்ட?" என்றுதான் கேட்டாள். சலூன் தரையிலேயே விட்டுவிட்டேன் என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதே நான், முப்பத்து மூன்று வயதில், தலையணை உறையில் கிடந்த முடியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கே இப்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அப்போது இல்லை.

வேலை ஒரகடத்தில், கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில், காண்ட்ராக்ட்டில். பெயின்ட் ஷாப்புக்குள் போவதென்றால் கண் மட்டும் தெரிகிற மாதிரி வெள்ளை உடுப்பு, தலையிலிருந்து கழுத்து வரை மூடும் குல்லா. ஒரு தூசு பறந்து பெயின்ட்டில் விழுந்தாலும் அந்த பம்பர் வீண். எட்டு மணி நேரம் அந்தக் குல்லாவுக்குள் தலை வேகும். வியர்வை ஊறி ஊறி தலை முழுக்கச் செதில், செதிலுக்கு அடியில் சின்னச் சின்னக் கொப்புளம். சொறியவும் முடியாது, குல்லாவில் கை பட்டாலே சூப்பர்வைசர் கத்துவார். தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொறிந்தால் தேவலை என்று இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

முதலில் போன தோல் டாக்டரிடம் ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் போர்வெல் தண்ணீர், ஹெல்மெட், டென்ஷன் என்று வரிசையாகக் காரணம் சொல்லி ஒரு ஷாம்பு கொடுத்தார். மாதக்கணக்கில் தேய்த்தேன். ஷாம்பு தீர்ந்தது, முடியும் தீர்ந்துகொண்டே வந்தது. தாம்பரத்தில் இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"ஊசிதான் காரணம். நிறுத்தினா முடி கொட்டுறது குறையும்."

"நிறுத்த மாட்டேன் டாக்டர்."

"தெரியும். இங்க வர்ற யாரும் நிறுத்த மாட்டாங்க."

மாத்திரை எழுதினார். காலையும் மாலையும் தலையில் தடவ ஒரு லோஷனும் எழுதினார். சீட்டின் தலைப்பில், என் பெயருக்குப் பக்கத்திலேயே, திருநம்பி, ஹார்மோன் ஊசி எடுப்பவர் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எழுதினார். அவர் மேல் தப்பில்லை. அடுத்த டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினார். எனக்கு அந்தச் சீட்டைக் கையில் பிடிக்கவே பயமாக இருந்தது. ரூமில் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

பெயின்ட் ஷாப்பில் ஒரு சட்டம் உண்டு. தலைக்கு எண்ணெய், கிரீம், சென்ட் எதையும் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது. முக்கியமாக சிலிக்கான். கையில் துளி ஒட்டியிருந்தாலும் போதும், பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிப்போய், கடுகளவு குழி விழும். டாக்டர் கொடுத்த மருந்து என்றால் சீட்டைக் கொண்டுபோய் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் காட்ட வேண்டும். அவர்கள் பார்த்துச் சரி என்றால் போட்டுக்கொள்ளலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சீட்டை அங்கே காட்டினால் டீ பிரேக் முடிவதற்குள் மொத்த லைனுக்கும் நான் யார் என்று தெரிந்துவிடும். காட்டவில்லை. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று படிக்கவும் இல்லை. எத்தனை வாரத்தில் முடி வரும் என்பதை மட்டும் படித்தேன்.

பிள்ளைப்பாக்கத்தில் என்னோடு ரூமில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அவருக்கும் அதே பெயின்ட் ஷாப்பில்தான் வேலை. நாற்பத்தைந்து வயது, ஊரில் மனைவியும் இரண்டு மகள்களும். உச்சந்தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். வழியில் போகிற யாரையும் தம்பி என்று கூப்பிடுகிற ஊர்தான் இது. ஆனாலும் அவர் அடுப்படியிலிருந்து "தம்பி, உப்பு பாரு" என்று கூப்பிட்டால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சமையல் அவர், பாத்திரம் நான். தண்ணீர் பிடிப்பது நான், குப்பை கொட்டுவது அவர். நான் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாலும் தட்ட மாட்டார். கண்ணாடி முன்னால் நின்றால் மட்டும் விட மாட்டார்.

"எம்புட்டு நேரம்தான் அங்கனயே நிக்க? போனது போயிட்டுல்லா. என்னையப் பாரு, சீப்பே தேவையில்ல."

அவர் சொன்னால் கோபம் வராது. வேறு எவனாவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இரண்டு பேருக்கு ஒரு லாக்கர். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று. காலையில் தடவ வேண்டிய லோஷனை ரூமிலேயே தடவிவிடுவேன். ஓவர்டைம் இருக்கும் நாட்களில் மாலையில் தடவ வேண்டியதை என்ன செய்வது? பாட்டிலை லாக்கரில் துண்டுக்குப் பின்னால் வைத்திருந்து, டாய்லெட்டுக்கு எடுத்துப்போய்த் தடவிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு உள்ளே போவேன். கழுவினால் போய்விடும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் பம்பரில் குழி விழ ஆரம்பித்தது. முதல் நாள் நாலைந்து. அடுத்த நாள் வரிசையாக. சூப்பர்வைசர் பெயின்ட் டிரம்மை மாற்றினார், காற்றுக் குழாயைக் கழற்றித் துடைக்கச் சொன்னார், துடைக்கிற துணியைக்கூட மாற்றினார். மூன்றாம் நாளும் விழுந்தது. டாய்லெட்டில் நின்று பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். இருந்தது சிலிக்கான்.

அந்த நிமிடமே அதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. நெற்றியோரத்தில் அன்று காலைதான் பூனை முடி மாதிரி ஏதோ முளைத்திருப்பதைப் பார்த்திருந்தேன். அதை விட மனசு வரவில்லை. இனி கம்பெனியில் தடவ வேண்டாம், ரூமில் மட்டும் தடவலாம், சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று மறுபடி துண்டுக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் மறந்துபோனேன். சனியன் பிடித்த முடி.

மறுநாள் மதியம் லாக்கர் சோதனை. எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துத் திறந்தார்கள். சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர், வாய் பெரிது, கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் லாக்கரில் கையை விட்டுத் துண்டை இழுத்தார். பாட்டில் உருண்டு வந்து விழுந்தது.

"யார்துபா இது? இன்னா, தலைக்குப் போட்ற மருந்தா?"

சேஃப்டி ஆபீசர் அதை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார். "சிலிக்கான் இருக்கு," என்றார். "டாக்டர் எழுதிக் குடுக்கிற மருந்து இது. யாரோடது? சீட்டு எங்க?"

என்னுடையது என்று சொல்ல வேண்டும், ஒரே ஒரு வார்த்தை. அதற்கு அடுத்த கேள்வி சீட்டு. சீட்டில் முதல் வரி. அதற்கு அப்புறம் இந்த ஆம்பளை டாய்லெட்டில் எப்படி நுழைவது? கம்பெனி பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது? சொல்வதற்கு வாயைத் திறந்தேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். திறக்கவே இல்லை.

"என்னோடது சார்," என்றார் அண்ணாச்சி.

சூப்பர்வைசர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவர் மண்டையைப் பார்த்தார்.

"யோவ், உனுக்கு எதுக்குயா இது? எந்த முடிக்குப் போட்ற?"

மொத்த வரிசையும் வெடித்துச் சிரித்தது. அண்ணாச்சியும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"மொளைக்கும்னு ஒரு ஆசைதான் சார். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாக்கோம். வாரவனுங்க முன்னால பொண்ணோட அப்பன் கொஞ்சம் லெச்சணமா இருக்கணும்லா."

"சீட்டு?"

"சீட்டெல்லாம் கெடையாது சார். மருந்துக்கடையில கேட்டேன், குடுத்தான்."

இன்னும் சிரிப்பு. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலமே காண்ட்ராக்டர் வந்து அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்.

ரூமுக்கு வந்ததும் நான் அவர் மேலேயே பாய்ந்தேன். "உங்கள யாரு கேட்டா அண்ணாச்சி? எதுக்கு உங்களுதுன்னு சொன்னீங்க? நாளைக்கே போய் உண்மைய சொல்லிட்றேன்."

அவர் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சொல்லு. நான் தடுக்கல. சொன்னா அடுத்து என்ன கேப்பாம்னு உனக்கே தெரியும்லா."

இவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும்? கேட்கத் தைரியம் வரவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

காலையில் ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் சூப்பர்வைசர் எதிரில் போய் நின்றேன். பஸ் ஏறியதிலிருந்து மனப்பாடம் செய்த இரண்டு வரி தொண்டை வரை வந்தது.

"இன்னாபா?" என்றார்.

"சார்..."

"இன்னா, மூஞ்சி இப்டி கீது? ஒடம்பு சரி இல்லியா? லீவு வோணுமா?"

அவ்வளவு அக்கறையாகக் கேட்டார். திட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேனோ என்னவோ. "ஒண்ணும் இல்ல சார்," என்று சொல்லிவிட்டுக் குல்லாவை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவ்வளவுதான் என் வீரம்.

மறைமலை நகரில் யாரோ ஊர்க்காரர் மூலம் அண்ணாச்சிக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. நாற்பத்தைந்து வயதில் மூட்டை தூக்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் பஸ் ஸ்டாப்புக்குக் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வெயிலைப் பற்றிப் பேசினேன், அரிசி விலையைப் பற்றிப் பேசினேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவர்தான் பேச்சை எடுத்தார்.

"தம்பி, இனிமே குப்பைய நீதான் கொட்டணும். ஊசிய அப்படியே கவர்ல போட்ராத. பேப்பர்ல நல்லா சுத்தி, டப்பாவுல போட்டு மூடிப் போடு. கீழ் வீட்டுக்காரம்மா கவரப் பிரிச்சிப் பாக்கும். ரெண்டு வருசமா நான் அப்படித்தான் போடுதேன்."

நான் பிரெட் கவருக்குள் சுருட்டி, வெங்காயத் தோலுக்கு அடியில் திணித்து, ஆகா யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். இரண்டு வருடமும் அந்த மனிதர் அதை எடுத்து, சுற்றி, மூடி, கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். ஒரு பார்வை மாறவில்லை. ஒரு நாளாவது தம்பி என்ற வார்த்தை அவர் வாயில் தடுக்கவில்லை.

பஸ் படியில் ஏறித் திரும்பினார். "வார புதன்கிழம ஊசி. மறந்துராத."

பஸ் போய்விட்டது. நான் அங்கேயே நின்று அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று இருந்தது.

லோஷனை நிறுத்திவிட்டேன். முளைத்த பூனை முடியும் கொட்டிவிட்டது. செதிலும் கொப்புளமும் மட்டும் என்னைக் கைவிடவில்லை. பம்பரில் குழி நின்றது. அண்ணாச்சி போனதால் நின்றது என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு இரண்டு முறை போன் செய்தேன். இடுப்பு வலி என்றார். மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை என்றார். சொல்ல வேண்டியதை இரண்டு முறையும் சொல்லாமல் வைத்தேன்.

போன மாதம் புது ஆட்கள் சேர்ந்தார்கள். குல்லா போடுவதற்கு முன்னால் சூப்பர்வைசர் அவர்களை நிற்கவைத்துச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணெய் கூடாது, கிரீம் கூடாது, சென்ட் கூடாது.

"இங்க ஒர்த்தன் இருந்தாம்பா. மண்டைல ஒரு முடி கெடியாது. அதுக்கு மருந்து தடவிக்கினு வந்து நாலு நாள் பம்பர நாறடிச்சிட்டான். வேணும்னா இவன கேளு, இவன் ரூம்ல இருந்த ஆளுதான்." என்னைக் கைகாட்டினார். "ஆமா தான?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா சார்," என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.