மூலை சீட்டும் பொன்னாடையும்

போன ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் செல்வியைக் கூட்டிக்கொண்டு புது மாலில் படம் பார்க்கப் போனேன். லிஃப்ட் உண்டு, சாய்வுப்பாதை உண்டு, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட உண்டு. கட்டிடத்தில் குறையே இல்லை. இடைவேளையில் பக்கத்து சீட்டு அம்மா என் காலைத் தாங்க மாட்டியிருந்த இரும்புக் காலிப்பரைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைத் தாண்டிக் குனிந்து செல்வியிடம் கேட்டாள்: "இவுகளுக்குப் படமெல்லாம் புரியுமா?"

எனக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது காலில். மூளைக்கு எதுவும் வரவில்லை. செல்வி திருதிருவென்று விழிக்க, நானே பதில் சொன்னேன். "புரியுது. ஒங்களுக்குப் புரியாத எடம் எதும் இருந்தா கேளுங்க, சொல்லித் தாரேன்." அந்த அம்மா சட்டென்று திரும்பித் திரையில் ஓடிய விளம்பரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் பாப்கார்னைச் செல்வி பக்கம் தள்ளினேன். அந்த வெண்ணெய் வாடையே பிடிக்கவில்லை.

ஜங்ஷன் பக்கம் இருந்த பழைய தியேட்டரில் வேறு வாடை. எண்ணெய்ச் சிக்கு அடிக்கிற முறுக்கு, பீடிப்புகை, இடைவேளைக்கு முன்னாலேயே வந்து சேரும் மூத்திர நாற்றம். அந்தக் காலத்தில் என்னோடு வேலை பார்த்த இசக்கியும் நானும் அங்கே ஞாயிறு தவறாமல் மேட்னி பார்ப்போம். பாளையங்கோட்டையில் ஓர் அச்சுக்கடையில் எனக்கு முதல் வேலை. பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைதான். நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன், இசக்கி மிஷினில் ஓட்டுவான். ஊரார் கல்யாணத்தையெல்லாம் அடித்து அடித்து எங்களுக்குள்ளும் ஒன்று பற்றிக்கொண்டது. மற்றவர்கள் என்னிடம் பேசும்போது காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல் குரலைத் தணித்துக்கொள்வார்கள். இவன் மட்டும், "ஏட்டி, கண்ண எங்க வச்சிருக்க? மாப்பிள்ள பேருக்கு முன்னால 'திருவளர்செல்வி'ன்னு போட்டிருக்க!" என்று கடை அதிரக் கத்துவான். நானும் விடமாட்டேன், பதிலுக்குக் கத்துவேன். அவனைப் பிடித்துப்போனதே அந்தக் கத்தலுக்காகத்தான்.

நம் ஊரில் கல்யாணமாகாத இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தெருவே கழுத்தைத் திருப்பும் என்பது உங்களுக்குத் தெரியாததா? எங்களுக்கு மட்டும் ஒரு கழுத்தும் திரும்பவில்லை. தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடக்கிறவளுக்குக் காதல் இருக்கும் என்று எவனுக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தியேட்டரில் டார்ச் அடிக்கிற ஆள் மூலை சீட்டில் ஒண்டியிருக்கும் ஜோடியை எழுப்பி விரட்டிவிட்டு, "கால நீட்டிக்கிட வசதியா இருக்கும். தங்கச்சிய இங்கன உக்கார வையுங்க அண்ணாச்சி" என்று எங்களுக்குத் தருவார். விளக்கு அணைந்ததும் இசக்கி என் விரலைப் பிடித்துக்கொள்வான். எனக்குச் சிரிப்பு அடங்காது.

ஒருநாள் ஆற்றங்கரையில், குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். ஏட்டையா ஒருத்தர் லத்தியோடு வந்து நாலைந்து ஜோடிகளைக் கிளப்பினார். எங்களிடம் வந்தவர், "தங்கச்சியக் காத்தாடக் கூட்டியாந்தியா தம்பி? நல்லாரு" என்றார். அப்போதும் என் கை அவன் கைக்குள்தான் இருந்தது. அதை அவர் பார்த்தார். பார்த்தும் அவருக்குத் தோன்றவில்லை, போங்கள்.

எங்கள் அம்மா மட்டும் என்ன? என் கூடப்பிறந்த தங்கச்சி தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வரத் தாமதமானால் வாசலுக்கும் அடுக்களைக்கும் அலைவாள். நான் இசக்கியோடு சினிமாவுக்குப் போகிறேன் என்றால், "போய்ட்டு வா, ஒனக்கென்ன ஆவப்போவுது" என்பாள். பெற்றவள் பொத்திப் பொத்தி வைக்கிற அளவுக்குக்கூட நான் தேறவில்லை. வெளியே சிரித்துக்கொண்டு போனாலும் அந்தச் சொல் உள்ளே சுருக்கென்று குத்தும்.

பிறகு நாங்களே வாயைத் திறந்து, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்றோம். அன்றைக்குப் பிடித்தது சனியன். கடை முதலாளி அண்ணாச்சி எழுந்துவந்து இசக்கியைக் கட்டிப்பிடித்தார். "ஏலே, நீ மனுசன் இல்லலே, தெய்வம்லே!" தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "பிள்ளைக்கு வாழ்க்க குடுக்கானே, மவராசன்" என்றார்கள். எனக்கு வாழ்க்கை ஏற்கெனவே இருந்தது ஐயா. சம்பளம் இருந்தது, சண்டைக்கு ஆள் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சினிமா இருந்தது. அவன்தான் எட்டாம் வகுப்பில் நின்றவன், பாதிப் படத்தில் வாயைப் பிளந்து குறட்டை விடுகிறவன். அவனைக் கட்டிக்கொள்ளத் துணிந்ததற்கு என்னை ஒருத்தராவது மெச்சினார்களா? மூச்!

முதலில் அவன், "சும்மா இருங்க அண்ணாச்சி" என்று கூச்சப்பட்டான். அப்புறம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அப்புறம் யாராவது எங்களை நோக்கி வந்தாலே சட்டைக் காலரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். கடையில் நான் தப்பாக அடித்தால் கத்துவதில்லை. "பரவால்லம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். எனக்குத் திக்கென்றது.

வியாபாரிகள் சங்க ஆண்டு விழாவில் சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி. ஆசையாகப் போனோம். இரண்டு பாட்டு முடிந்ததும் எங்கள் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "ஊனமுற்ற பெண்ணுக்கு வாழ்வளிக்கும் தியாக உள்ளம்" என்று இசக்கியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். மேடைக்கு ஏற எனக்கு வழியில்லை. "அன்னா உக்காந்திருக்கே, அந்தப் பிள்ளதான்! கையக் காட்டும்மா!" என்று மேலேயிருந்து விரல் நீண்டது. கூட்டம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூ! உடம்பெல்லாம் சேற்றைப் பூசியதுபோல் இருந்தது. நான் இசக்கியைப் பார்த்தேன். பொன்னாடையை உதறிவிடுவான் என்று அந்த நிமிஷமும் நம்பினேன். அவன் கும்பிட்டுக்கொண்டு நின்றான், முகமெல்லாம் பூரிப்பு.

மறுநாள் எங்கள் கல்யாணப் பத்திரிகையை நானே அடித்துக்கொண்டிருந்தேன். இசக்கி பின்னால் வந்து நின்று, "கீழ ஒரு வரி சேத்துரும்மா. 'மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு வாழ்வளிக்கும் விழா'ன்னு. பேப்பர்காரங்களையும் கூப்புடலாம்னு அண்ணாச்சி சொல்லுதாரு" என்றான்.

"நீயாலே சொல்லுத இத?"

"நல்லதுதானம்மா. நாலு பேரு பாத்துத் திருந்துவாங்கள்லா."

"அப்படின்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். வேற எவளையாவது பாத்து வாழ்வளி, போ."

கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் ஒருவேளை மனசு மாறியிருப்பேன். அவன் என் தலையில் பைய கையை வைத்தான்.

"கோவத்துல பேசாதம்மா. என்னைய விட்டா ஒன்னைய யாரு கட்டிக்கிடுவா?"

கையைத் தட்டிவிட்டேன். அடித்து வைத்திருந்த பத்திரிகையை அழித்துவிட்டு, வேறு யார் வீட்டுக் கல்யாணத்தையோ அடிக்க ஆரம்பித்தேன். அம்மா ஒரு மாசம் அழுதாள். ஊர் என்னைத் திமிர்பிடித்தவள் என்றது. பாவம் என்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இப்போது தியேட்டர் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. அச்சுக்கடையையும் மூடிவிட்டார்கள்; பத்திரிகை எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. இசக்கி கோயம்புத்தூரில் இருக்கிறானாம், பிள்ளைகுட்டிகளோடு. நன்றாக இருக்கட்டும். அவன் போனதற்கு அழுது முடித்து ரொம்ப நாளாயிற்று. ஆனால் தலையில் கை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை, இந்த ஊரில் ஒரே ஒருத்தன் என்னைப் பாவம் பார்க்காமல் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேனே, அந்த நம்பிக்கை அதற்குப் பிறகு எவன் மேலும் வரவில்லை.