நாடா கறுக்கவில்லை

அலுவலகத்தில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்கும் தெரியாமல் இல்லை.

ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று கொடுப்பது ஒரு தனியார் அமைப்பு. அந்தச் சான்று இருந்தால்தான் அரசின் இலவச மருத்துவத் திட்டத்தில் இடம். அவர்கள் ஒழுங்காகப் பார்த்துத்தான் கொடுத்தார்களா என்று, சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதிப்பது அரசின் சுகாதாரத் துறையில் மோப்பத்தின் வேலை. சான்று கொடுப்பவர்களோ நாள் குறித்து, தகவல் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவர்கூடப் பல் விளக்கியிருக்கும்.

மூட்டு ஆபரேஷனுக்குப் பேர்போன ஓர் ஆஸ்பத்திரியில் கருவிப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்தார். கிருமியைக் கொல்லும் நீராவிச் சூடு சரியாக ஏறியிருந்தால் மேலே ஒட்டிய நாடாவில் கோடுகள் கறுக்கும். வெளுத்துக் கிடந்தன. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. அன்றே அறிக்கை எழுதிக் கொடுத்தார்.

துறையின் லட்சணத்தைக் கேளுங்கள். தப்பாகச் சான்று கொடுத்தவர்களுக்கே அறிக்கையை அனுப்பி, 'இது உண்மையா?' என்று கேட்பார்கள். பதில் வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டால் வேலை போய்விடும். ஆஸ்பத்திரி மட்டும் வழக்கம்போல் நடக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்து, அதே ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னாள்.

"அண்ணா, முட்டி ஆபரேஷனுக்கு அங்கதான் தேதி கொடுத்திருக்காங்க."

"அங்க வேண்டாம்மா. வேற இடம் பார்க்கலாம்."

"ஏண்ணா?"

அறிக்கையின் நகலை மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"சும்மாதான். கொஞ்ச நாள் பொறுத்துக்கோயேன்."

"வலில உயிர் போகுதுண்ணா. வாசல்லயே சான்றிதழ மாட்டியிருக்காங்க. உங்க துறை பேரும் அதுல இருக்கு. அப்புறம் என்ன பயம்?"

குறித்த தேதியில் தங்கை அங்கேயே போய்ப் படுத்தாள்.

ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்தது. கடைசியில் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அந்த அமைப்பு சாவகாசமாகப் பதில் அனுப்பியது: 'குறை சரிசெய்யப்பட்டது.' உயரதிகாரி மோப்பத்தின் தோளைத் தட்டினார்.

"நல்லவேளை, விஷயத்த வெளிய விடாம வச்சிருந்தீங்க."

அன்று மாலை தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் வாய்விட்டு அழுதார். தங்கைதான் தேற்றினாள்.

"அழாதீங்கண்ணா. உங்களுக்கு என்ன தெரியும், பாவம். நீங்க மட்டும் ஒரு நடை அங்க போய்ப் பார்த்திருந்தா, என்னைப் போகவே விட்டிருக்க மாட்டீங்க."