ஹில்டா சொன்ன சாட்சி

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு பி.எஸ்ஸி. படித்த ஹில்டாவுக்குப் பரீட்சை நெருங்கினாலே தூக்கம் போய்விடும், ஒற்றைத் தலைவலி மண்டையைப் பிளக்கும். எண்பத்தேழு ஏப்ரலில் அவளுக்காக ஜெபிக்கச் சபையார் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கஞ்சிராவும் கைத்தட்டலுமாகப் பாடினார்கள். ஒவ்வொரு தட்டும் அவள் கண்ணுக்குள் இறங்கியது. இந்தச் சனியன் நிற்காதா என்றிருந்தது.

"வலி போயிடுச்சு" என்றாள், சத்தம் ஓய்ந்தால் போதுமென்று.

ஓய்ந்தது. ஆனால் ஞாயிறு ஆராதனையில் எழுந்து அதையே சாட்சியாகச் சொல்ல வைத்தார்கள். சொல்லும்போதே இடப்பக்கம் விண்விண்ணென்று தெறித்தது.

வெளியே வந்ததும் பக்கத்து பிளாக் ஞானசௌந்தரி ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கும் இதே தலைவலிதாம்மா கீது. உன் சாட்சியக் கேட்டேனா, அவ மாத்திரைய இன்னைக்கே தூக்கிக் கடாசிடப் போறேன்."

ஹில்டாவின் கைப்பையில் காலையில் பிரித்த மாத்திரை அட்டை இருந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஆன்ட்டி" என்றாள்.