கறிவேப்பிலை அடி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்க நான் கிரேக்கப் புராணம் படித்தேன். ஆசைப்பட்டு அல்ல. மாலைக் கல்லூரியில் எனக்கு ஒரு பாடம் குறைந்தது. என் வேலை நேரத்துக்கு ஒத்துவந்தது அது ஒன்றுதான். கணக்கியல் படிக்கப் போனவன், காட்டுக்கு ஓடிய பெண்களைப் பற்றிக் கட்டுரை எழுதும்படி ஆயிற்று.

மது தெய்வத்தின் அடியார்கள் அவர்கள். தெய்வம் ஏறியதும் தறியையும் தொட்டிலையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மலைக்கு ஓடுவார்கள். மான்தோல் போர்த்தி, கொடி சுற்றிய தடியைப் பிடித்து, தலைவிரி கோலமாக ஆடுவார்கள். அவர்களைத் தடுத்த அரசன் ஒருவன், என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று ஒளிந்திருந்து பார்த்தான். பெற்ற தாயே அவனை விலங்கென்று நினைத்துப் பிய்த்துப் போட்டாள். 'வீட்டில் வாய் திறக்க முடியாத பெண்களுக்குத் தெய்வத்தின் வாய் ஒன்றுதான் மிச்சம்' என்று எழுதினேன். ஆசிரியர் அதன்கீழ் இரண்டு கோடு போட்டு, நீ இப்படி எதையாவது நேரில் கண்டதுண்டா என்று ஓரத்தில் கேட்டிருந்தார். எங்கள் ஆட்களில் படித்தவர்கள் மத்தியில் இதெல்லாம் கிடையாது என்று சொல்லிவைத்தேன்.

நல்ல மார்க். கட்டுரையின் முதல் பக்கத்தைக் காந்தம் வைத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அங்கே ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. கார் ஓட்டுவதற்கான எழுத்துப் பரீட்சையில் என் மனைவி பாஸான தாள். இடம் போதவில்லை, அதன் மேலேயே ஒட்டிவிட்டேன்.

டொரொண்டோவில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். அவள் பிஸ்கட் ஃபக்டரியில் காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும். பனிக்குள் இரண்டு பஸ் மாறிப் போவாள். எனக்கு வேலை நடந்துபோகிற தூரம். கார் கீழே பார்க்கிங்கில் போர்வை போர்த்தியதுபோல் பனி மூடிக் கிடக்கும்.

"இஞ்சாருங்கோ, எனக்கும் கார் பழக்கிவிடுங்கோவன்" என்று மூன்று வருடமாகக் கேட்டாள். குளிர்காலத்தில், "பனி கரையட்டும்" என்பேன். கோடையில், "றோட்டிலை சனம் கூட" என்பேன். உண்மையான காரணம் வேறு. கடைக்கு, கோயிலுக்கு, டொக்டரிடம் என்று அவள் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் என்னைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அதை இழக்கப் பயமாக இருந்தது.

அம்மன் கோயில் என்றால் கிடங்கு வரிசையில் ஒரு கிடங்கு; பக்கத்தில் கார் திருத்தும் இடம். அந்தக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையில் நான் வழக்கம்போல் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். தீபம் காட்டும்போது முன்னால் ஒரு அலறல். "உரு வந்திட்டுது, விலகுங்கோ" என்று யாரோ கத்தினார்கள். யார் மேலோ தெய்வம் ஏறியிருந்தது; கூட்டம் விலகியது. சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட், காலில் கம்பளிக் காலுறை, அவிழ்ந்த தலையோடு ஆடிக்கொண்டிருந்தது என் மனைவி. டொரொண்டோவில் வேப்பிலைக்கு எங்கே போவது? யாரோ ஒரு பிடி கறிவேப்பிலையை அவள் கையில் கொடுத்திருந்தார்கள்.

தெரிந்தவர்கள் யாரும் வந்திருக்கிறார்களா என்பதுதான் எனக்கு முதலில் வந்த யோசனை. வெட்கத்தில் சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தேன். அரசனின் கதையைப் பத்துப் பக்கம் எழுதியவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"டேய் பாலகா! வெளியிலை வாடா!"

என்னை 'நீங்கள்' என்பதைத் தவிர வேறு சொல்லால் அழைத்தறியாத வாய். கூட்டம் கைகூப்பியபடி எனக்கு வழிவிட்டது. முழங்காலில் விழுந்தேன்.

"என்ர பிள்ளை பனிக்குள்ளை நிண்டு விறைக்கிறாள். உன்ர கார் படுத்துக் கிடக்குது. பழக்குவியோ, மாட்டியோ?"

"பனி கரையட்டும் தாயே." பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

கறிவேப்பிலை முகத்தில் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் காதுக்குள் சீறினார். "அம்மாளோடை நியாயம் கதைக்கிறதே தம்பி? ஓமெண்டு சொல்லும்!"

"ஓம் தாயே."

"எப்ப?"

"நாளைக்கு."

"எத்தினை மணிக்கு?"

நேரம் கேட்கிற தெய்வத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. பத்து மணி என்றேன். என் நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டு அவள் மயங்கி விழ, பெண்கள் தாங்கிக்கொண்டார்கள்.

உரு ஆடியவருக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது என்பது எங்கள் வழக்கம். அதைக் கிளறிக் கேட்பது மரியாதை இல்லை. திரும்பி வரும்போது, "என்ன நடந்தது? எனக்கு ஒண்டும் தெரியாது" என்றாள். மறுநாள் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, ஃபிரிட்ஜில் இருந்த என் கட்டுரையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அடியிலிருந்த தன் தாளை எடுத்துக்கொண்டு கதவடியில் போய் நின்றாள்.

ஒன்றும் தெரியாதவளுக்கு மணி மட்டும் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அம்மாள் மேலே பார்த்துக்கொண்டிருப்பாள் அல்லவா.

அஜின்கோர்ட்டில் ஒரு கடைத்தொகுதியின் பின்னாலிருந்த வெறும் பார்க்கிங்கில் பழக்கினேன். அடுத்த வருடம் றோட் டெஸ்டில் முதல் தரமே பாஸ். எனக்கு மூன்று தரம் எடுத்தது. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

பிறகொரு நாள், சிவப்பு விளக்கில் நிற்கும்போது துணிந்து கேட்டேன். அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லும். அண்டைக்கு வந்தது அம்மாள்தானோ?"

கண்ணாடியில் பின்னால் வரும் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆர் வந்தால் என்ன? மூண்டு வருஷம் நான் கேட்டனான், நிமிந்தும் பாக்கேல்லை. அவ ஒருக்காத்தான் கேட்டவ. விழுந்து கும்பிட்டியள்."

பச்சை விழுந்தது. அவள் காரை எடுத்தாள்.