கூடத்தின் நடுவே ஒரு மரப்படி

விவாகரத்தாகி மகள் எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டுக்கே திரும்பியபோது, அவளுக்காக மாடியில் ஓர் அறை கட்டினோம். மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

"படியை வெளிப்பக்கமா வெச்சிடலாம். அவ போறது வர்றது யார் கண்ணுலயும் படாது," என்றார் என் கணவர்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வாசலைப் பார்த்தபடி, கூடத்தின் நடுவிலேயே தேக்குப்படி போடச் சொன்னேன்.

"மரப்படி சத்தம் போட்டுக்கினே இருக்கும்மா. அடியில ரப்பர் வெச்சுத் தரட்டா?" என்று கேட்டார் தச்சர்.

"வேணாம். கேக்கட்டும்."

படி போட்டு முடித்த வாரமே பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். காபி கொடுக்கும்போது மகளைக் காணவில்லை. கீழே வராதே என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். படியருகே போய் நானே கூப்பிட்டேன். சத்தம் வராமல் ஓரமாகக் கால் வைத்து இறங்கினாள். அப்படியும் மரம் முனகியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது யாரு?" என்றார் பெண்ணின் அம்மா.

"எங்க மூத்த பொண்ணு. டைவர்ஸ் ஆயிடுச்சு. இங்கதான் இருக்கா."

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. நான்தான் கெடுத்தேன் என்று உறவுக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும். இப்போதெல்லாம் ஆபீசுக்குக் கிளம்பும்போது, என் மகள் தடதடவென்றுதான் இறங்குகிறாள்.